மெல்லச் சொன்ன பெயர்

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு சாமியார் மாடிக்குப் போய்ப் பெரியவரின் மனைவிக்கு அவஸ்தைப்பூசுதல் கொடுப்பதாக ஏற்பாடாகியிருந்தது. சாகக் கிடப்பவர் தன் பாவங்களை வாய்விட்டுச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டு, கண்ணிலும் காதிலும் கையிலும் காலிலும் எண்ணெய் பூசி, கடைசியாக ஒரு முறை ஆண்டவரின் உடலாகிய நற்கருணை அப்பத்தைக் கொடுத்து வழியனுப்பும் காரியம் அது. அது கிடைக்காமல் கண்ணை மூடுவதை அந்தக் குடும்பத்தில் யாரும் நினைத்துப் பார்த்ததுகூட இல்லை. மருத்துவர் கைவிரித்துவிட்டார். வயிற்றில் வளர்ந்த கட்டி அவளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று கட்டிலோடு போட்டுவிட்டது. மாத்திரையை விழுங்கும் தண்ணீரே தொண்டையில் நின்றது. அவள் கேட்டது இந்த ஒன்றைத்தான்.

"சாமி வர்றவரைக்கும் உசிரை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன். பஸ்ஸு லேட்டாச்சுன்னா அதுக்கு நான் பொறுப்பில்ல" என்று முந்தின நாள் சொன்னாள்.

"லேட்டாகாது."

"பஸ்ஸு உங்க பேச்சைக் கேக்குமாக்கும்."

பெரியவர் என்பது கடையில் வந்த பெயர். தகப்பனார் தொடங்கிய கண்ணாடிக்கடையில் அண்ணன், தம்பி என்று இருவர் நின்றதால் வேலையாட்கள் ஒருவரைப் பெரியவர் என்றும் மற்றவரைச் சின்னவர் என்றும் கூப்பிட்டார்கள். சின்னவர் கடையை விட்டுப் போய் வெகுகாலமாயிற்று. ஆனாலும் பெரியவர் பெரியவராகவே நின்றுவிட்டார்.

கடைக்குப் பின்னால் கிடங்கு. சரிந்து நிற்கும் மரச்சட்டங்களில் ஆளுயரக் கண்ணாடிகள் அடுக்கியிருக்கும். மாதம் ஒரு ஞாயிறு அந்தச் சட்டங்களை ஓரமாகத் தள்ளி, முழங்காலில் கண்ணாடித் தூள் குத்தாதபடி தரையை ஈரத்துணியால் துடைத்து, கண்ணாடி வெட்டும் மேசையின் கம்பளியை உருவிவிட்டு வெள்ளைத் துணி விரிப்பார் பெரியவர். நடுவில் மந்திரித்த பீடக்கல்லை வைத்து இருபுறமும் மெழுகுதிரி ஏற்றிவிட்டால் அது பீடம். ஒரு வேனில் ஏற்றிவிடக்கூடிய அளவுதான் ஜனம். கிடங்குக்கு மேலே அவர்கள் குடியிருந்த மாடியின் தளத்தில், முன்பு சரக்கேற்றுவதற்காக விட்ட சதுரத் திறப்பு ஒன்று உண்டு. அவள் படுத்த பிறகு பெரியவர் கட்டிலை அந்தத் திறப்பின் ஓரமாக நகர்த்திப் பலகையை எடுத்துவிட்டார். கீழே நடக்கும் பூசை மேலே கேட்கும்.

பழைய பூசை அது. சாமியார் ஜனங்களைப் போலவே பீடத்தைப் பார்த்து நிற்பார். லத்தீனில் சொல்வார். நடுப்பகுதியை யாருக்கும் கேட்காமல் வாய்க்குள் சொல்வார். அந்த இடத்தில் திருத்தந்தையின் பெயரையும் உள்ளூர் ஆயரின் பெயரையும் சொல்லி, இவர்களோடு ஒன்றாக இந்தப் பலியைக் கொடுக்கிறோம் என்று சொல்வது வழக்கம். பெரியவரின் கிடங்கில் திருத்தந்தையின் பெயர் வரலாம். அவர் எங்கோ தூரத்தில் இருப்பவர். ஆயரின் பெயர் மட்டும் வரக்கூடாது. அதுதான் அந்தக் கூட்டத்தின் சட்டம். அதற்குச் சம்மதித்துத்தான் சாமியார் அங்கே வந்து போனார்.

ஒரு பெயரில் என்ன இருக்கிறது என்று வெளியாள் கேட்கலாம். வெளியாளுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாத காரியம்தான். பெரியவரின் தகப்பனார் காலத்தில் புதுப் பூசை வந்தது. பீடத்தைச் சுவரிலிருந்து பெயர்த்து ஜனங்களைப் பார்க்கத் திருப்பினார்கள். நற்கருணை வாங்க ஜனங்கள் முழங்காலிடும் கிராதியை உடைத்து வண்டியில் ஏற்றினார்கள். அந்தக் கோயிலின் ஜன்னல் கண்ணாடி அத்தனையும் தகப்பனார் கையால் வெட்டிப் பதித்தது. "என் அப்பன் முழங்கால்ல நின்னு நாக்குல வாங்கினதை நான் வரிசையில நின்னு கையில வாங்க மாட்டேன்" என்று அவர் வெளியே வந்தார். பழைய பூசை வைக்கும் சாமியார் ஒருவரை வீட்டுக்கு அழைத்தார். அப்போதிருந்த ஆயர், அந்தக் காலத்துப் பேச்சில் மேற்றிராணியார், கூப்பிட்டுக் கண்டித்தார். அவர் கேட்கவில்லை. அவர் செத்தபோது கோயில் மணி அடிக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தின் கதவு திறக்கவில்லை. பொது மயானத்தில், மந்திரிக்காத மண்ணில் போய்ப் படுத்தார். குழியில் மண் தள்ளும்போது பெரியவர் எல்லோரும் கேட்கச் சொன்னார்: "அந்த நாற்காலியில எவன் உக்காந்தாலும் அவன் பேரு என் வீட்டுல சொல்லப்படாது. அவன் அனுப்புற சாமியார் என் வாசலை மிதிக்கப்படாது."

சின்னவரும் அன்றைக்குத் தலையாட்டினார். பிறகு வந்த ஆயர் ஒருவர் கொஞ்சம் இறங்கிவந்து, தன் அதிகாரத்தை ஒப்புக்கொள்கிறவர்கள் பழைய பூசையைக் கோயிலின் பக்கப்பீடத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றார். சின்னவர் போனார். அதே லத்தீன், அதே முழங்கால், அதே மணி. ஒரு பெயர் மட்டும் கூடுதல். "அப்பா படுத்திருக்கிற மண்ணை வித்துட்டு வந்து நிக்கிற. இனி உன் வாசப்படியை நான் மிதிக்க மாட்டேன், என் படியை நீ மிதிக்காதே" என்றார் பெரியவர். கடை பிரிந்தது. சின்னவர் வேறொருவரின் பட்டறையில் ஜன்னல் சட்டங்களுக்குக் கண்ணாடி பொருத்தும் சம்பளக்காரரானார். அடுத்து வந்த ஆயர் அந்த அனுமதியையும் எடுத்துவிட்டார். சின்னவர் முணுமுணுக்காமல் புதுப் பூசைக்கே போனார்.

"பாத்தியா? கொடுத்த கையே பிடுங்கிக்கிச்சு" என்று பெரியவர் மனைவியிடம் சொல்லிச் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. அவள் வாழவந்தபோது சின்னவர் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. மாமியார் இல்லாத வீடு. தலைவாரிவிட்டதும், காய்ச்சலுக்கு நெற்றியில் ஈரத்துணி போட்டதும், பாடம் படிக்காததற்கு முதுகில் போட்டதும் அவள்தான். அவளுக்குப் பிள்ளையில்லை. அந்தக் கணக்கில் அவர்தான் பிள்ளை.

சாமியார் சொன்ன பஸ்ஸில் வந்து சேர்ந்தார். வயதானவர். பங்கைவிட்டு வெளியேறித் தன் தங்கை வீட்டில் ஒரு சின்ன அறையில் இருப்பவர். கொஞ்ச நாளாகக் காது மந்தம். "சாமிக்குக் காது போனதிலிருந்து பாவசங்கீர்த்தனத்துக்குக் கூட்டம் கூடிப்போச்சு" என்று வாத்தியார் கிண்டலடிப்பார். வாத்தியார் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வுபெற்றவர். லத்தீன் தெரிந்தவர் என்ற பெயர் அவருக்கு உண்டு. யார் எங்கே தவறினார்கள் என்று பார்ப்பதற்கே பூசைக்கு வருகிறாரோ என்று சிலர் நினைப்பதும் உண்டு.

பூசைக்கு உதவி செய்வது எப்போதும் பெரியவர்தான். கீழ்ப்படியில் முழங்காலிட்டு, சாமியார் சொல்வதற்கெல்லாம் ஜனங்களின் சார்பில் லத்தீனில் மறுமொழி சொல்வார். அன்றைக்கும் சொன்னார். மணியடித்தார். கிடங்கு அமைதியாயிற்று. சாமியார் குனிந்து பீடத்தை முத்தமிட்டு, கைகளை விரித்து, வாய்க்குள் சொல்லத் தொடங்கினார்.

பெரியவர் காதில் திருத்தந்தையின் பெயர் விழுந்தது. இத்தனை வருஷத்தில் அந்த இடத்தில் ஒரு எழுத்துக்கூட அவருக்குக் கேட்டதில்லை. ஏன் இன்றைக்குக் கேட்கிறது என்று நினைத்து முடிப்பதற்குள் அடுத்த பெயரும் விழுந்தது. ஆயரின் பெயர். தெளிவாக, தன் தகப்பன் பெயரைச் சொல்லுகிறவனைப் போலத் தடுமாற்றமில்லாமல் சொன்னார் சாமியார்.

காது கேளாதவருக்குத் தன் குரலின் அளவு தெரியாது. வாய்க்குள் சொல்வதாக நினைத்துக்கொண்டு அவர் வெளியே சொல்லிவிட்டார். பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. பெரியவர் ஒருவருக்குத்தான் கேட்டது.

சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்தின்போது அவர் மணியடித்தார். கை தன் வேலையைச் செய்தது. ஆண்டவர் வந்தார் என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. யாரோடு சேர்த்து அவரை அழைத்தார்கள் என்பதுதான் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. நற்கருணை கொடுக்க சாமியார் திரும்பி வந்து அவர் முன்னால் நின்றார். முதலில் வாங்குகிறவர் எப்போதும் அவர்தான். அவர் வாயைத் திறக்கவில்லை. தலையை இடமும் வலமுமாக ஒரு முறை ஆட்டினார்.

பின்னால் அசைவு எழுந்தது. முக்காடுகள் ஒன்றையொன்று பார்த்துத் திரும்பின. இனி மூடிமறைக்க வழியில்லை. மூடிமறைப்பது அவர் வழக்கமும் இல்லை. அந்தக் குடும்பத்தில் எதையும் திரைக்குப் பின்னால் கேட்டவர்கள் கிடையாது. பூசை முடிந்து சாமியார் மேலாடையைக் கழற்றுவதற்குள் பெரியவர் எழுந்து நின்றார்.

"சாமி, ஒண்ணு கேக்கணும்."

"என்ன? சத்தமா சொல்லுங்க."

சத்தமாகத்தான் சொன்னார். "நடுவுல மேற்றிராணியார் பேரைச் சொன்னீங்களா?"

சாமியார் அவர் முகத்தைப் பார்த்தார். அந்த வயதில் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பெரியவரின் காதுமேல் பழியைப் போட்டிருக்கலாம். அவர் அதைச் செய்யவில்லை.

"கேட்டுடுச்சா?" என்றார்.

"இன்னைக்கு மட்டுமா?"

"முதல் நாள்லேருந்து."

வாத்தியார் துள்ளி எழுந்தார். "முதல் நாள்லேருந்தா! அப்போ நாங்க இத்தனை வருஷமா யாரு பூசையில முழங்கால் போட்டோம்? இதுக்கு நான் பங்குக் கோயில்லயே மின்விசிறிக்குக் கீழ சொகுசா உக்காந்திருப்பேனே!"

சாமியார் வாத்தியாரைப் பார்க்கவில்லை. பெரியவரிடமே சொன்னார். "குருப்பட்டம் வாங்குறப்போ என் ரெண்டு கையையும் ஆயர் கைக்குள்ள வச்சு, உமக்கும் உமக்குப் பின்னால வர்றவங்களுக்கும் கீழ்ப்படிவேன்னு சொன்னேன். அவங்க செஞ்சது எனக்குப் பிடிக்கல. வெளிய வந்துட்டேன். அப்பன்கூட சண்டை போட்டு வீட்டைவிட்டு வந்தவன் அப்பன் பேரை மாத்திக்கிறானா? எனக்கு முடியல. உங்களுக்கும் பூசை வேணும். அதனால மெதுவா சொன்னேன்."

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே, சாமி."

"சொல்லியிருந்தா உள்ள விட்டிருப்பீங்களா?"

விட்டிருக்க மாட்டார். அது அவருக்கும் தெரியும்.

சாமியார் பீடத்தின் மேலிருந்த சின்னப் பித்தளைச் சிமிழை எடுத்தார். மாடியில் இருப்பவளுக்காக எடுத்துவைத்த நற்கருணை அதில் இருந்தது. எண்ணெய்க் குப்பி சட்டைப்பையில். "திட்டுறதை அப்புறம் திட்டுங்க. நான் மேல போய் அந்தம்மாவுக்குச் செய்ய வேண்டியதைச் செஞ்சுட்டு வந்துடறேன். அதுக்கப்புறம் இந்தப் பக்கம் வரல."

மாடிப்படி கிடங்கின் மூலையில் இருந்தது. பெரியவர் போய் அதன் கீழ்ப்படியில் நின்றார். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். எல்லோரும் அவரையே பார்த்தார்கள். ஒருத்தி, "அண்ணே, அக்காவுக்காகவாவது..." என்று தொடங்கினாள். வாத்தியார் அவளை உறுத்துப் பார்த்தார். தகப்பனார் குழியில் நின்று சொன்ன வார்த்தையைக் கேட்டவர்கள் சிலர் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அன்றைக்கு அவர் பக்கத்தில் நின்றதற்காகக் கோயிலை இழந்தவர்கள். அவர்கள் முன்னால் தன் மனைவிக்கு ஒரு சட்டம், தன் தகப்பனுக்கு ஒரு சட்டம் என்று அவரால் வைக்க முடியவில்லை.

"பீடத்துல நின்னு எங்களை ஏமாத்தினவர் என் படி ஏறக் கூடாது, சாமி."

சாமியாருக்குக் கேட்கவில்லையோ என்னவோ, ஓர் அடி முன்னால் வந்தார். பெரியவர் நகரவில்லை. சாமியார் பீடத்துக்குத் திரும்பிப் போய் முழங்காலிட்டு, சிமிழைத் திறந்து, அவளுக்கென்று வைத்ததைத் தானே உட்கொண்டார். சிமிழைத் துடைத்து மூடினார். மேலே திறப்பில் ஒரு இருமல் சத்தம் கேட்டது.

பழைய பூசைக்காரர்களின் சபை அன்றைக்கே உடைந்தது. சிலர் சாமியாரைப் பஸ் ஏற்றிவிடக் கூடவே போனார்கள். போனவர்கள் திரும்பவில்லை. வாத்தியார் தன் வீட்டுக் கூடத்தில் இனிமேல் சுத்தமான பூசை நடக்கும் என்றும், எந்தப் பெயரும் சொல்லாத ஒரு சாமியார் தனக்குத் தெரியும் என்றும் சொல்லி மீதிப் பேரை அழைத்துக்கொண்டு போனார். பெரியவர் தனியாக மெழுகுதிரிகளை அணைத்தார். துணிகளை மடித்தார். வெட்டுமேசையின் மேல் கம்பளியைத் திரும்ப விரித்தார். அதற்குப் பிறகுதான் மாடி ஏறினார்.

அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"எல்லாம் கேட்டுச்சு" என்றாள்.

"வேற சாமியாரைத் தேடறேன். வாத்தியாருக்கு ஒருத்தரைத் தெரியுமாம்."

"அவரு வர்றதுக்குள்ள நான் இருக்கணுமே." இருமினாள். அவர் முதுகைத் தாங்கிப் பிடித்தார். எலும்புதான் கைக்குத் தட்டுப்பட்டது. "ஏங்க, அந்தப் பேரைச் சொன்னதால அவரு குடுத்ததெல்லாம் வெறும் அப்பமாப் போயிடுமா?"

"இல்ல."

"அப்போ அது ஆண்டவர்தானே?"

"ஆண்டவர்தான்."

"ஆண்டவரையா படியில நின்னு மறிச்சீங்க?"

அவள் திரும்பிப் படுத்தாள். கண் மட்டும் உயிரோடு இருந்தது.

"மாமாவுக்குக் கோயில் மண் கிடைக்கல, எனக்கு ஆண்டவரே கிடைக்கக் கூடாதுன்னு வச்சுட்டீங்க. சரி. உங்க வாக்கு உங்க வாக்கு. ஆயர் அனுப்பின பங்குச்சாமி இந்த வாசலை மிதிக்க மாட்டாரு. நான் இங்கிருந்து வெளிய போகக் கூடாதுன்னு நீங்க யாருக்கும் வாக்கு குடுக்கலையே?"

"எங்க போவ?"

"என் பிள்ளை வீட்டுக்கு. அங்க பங்குச்சாமி வரலாம். உங்க வார்த்தையும் உடையாது, என் காரியமும் முடியும்." மூச்சு வாங்கினாள். "நீங்களே போய்க் கூப்பிடுங்க. ஆள் அனுப்பாதீங்க. ஆள் அனுப்பினா வர மாட்டான். உங்க ரத்தம்தானே."

அன்று மதியம் பெரியவர் தம்பியின் தெருவுக்கு நடந்தார். இரண்டு தெரு தள்ளித்தான். ஆனால் அத்தனை வருஷமாக அந்தப் பக்கம் சுற்றிப் போகிற பழக்கம் வந்துவிட்டதால், நேர்வழி எது என்று காலுக்கு மறந்திருந்தது. சின்னவர் வீட்டு முன்னால் ஒரு ஜன்னல் சட்டத்தைச் சாய்த்துவைத்துப் கண்ணாடி பதித்த பழைய பசையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நிழல் விழுந்ததும் நிமிர்ந்தார். கையிலிருந்த தகட்டுக்கத்தி அப்படியே நின்றது.

"உன் அண்ணி கூப்பிடுறா" என்றார் பெரியவர். தெருவில் நின்றே சொன்னார்.

சின்னவர் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. கத்தியைக் கீழே போட்டுவிட்டு, உள்ளே பார்த்து, "கூடத்துல கட்டிலைப் போடு, பங்குச்சாமிக்கு போன் பண்ணு" என்று மனைவிக்குச் சத்தம் கொடுத்தார். ஊரில் அண்ணியின் நிலைமை தெரியாதவர் யாருமில்லை. அவர் எத்தனை நாளாக இந்த நிழலுக்காகக் காத்திருந்தாரோ தெரியாது. கையைத் துடைத்துக்கொண்டு அண்ணனுக்குப் பின்னால் நடந்தார். கடை வாசலில் படிக்கு முன்னால் நின்றார்.

"ஏறலாமா?"

"ஏறு. அவளைத் தூக்கணும்."

மாடிப்படி குறுகல். பாதியில் ஒரு திருப்பம். கட்டிலை இறக்க வழியில்லை. கை வைத்த மரநாற்காலியில் தலையணைகளைத் திணித்து அவளை உட்காரவைத்துத் துணியால் கட்டினார்கள். அண்ணன் மேலே பின்காலைப் பிடித்தார். தம்பி கீழே முன்காலைப் பிடித்தார். கண்ணாடி சுமக்கிறவர்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. ஒரு கண்ணாடித் தாளை இருவர் தூக்கும்போது முன்னால் போகிறவருக்குத் தரை தெரியாது, பின்னால் வருகிறவருக்கு மூலை தெரியாது. ஒருவருக்கொருவர் கண்ணாக இருக்க வேண்டும். அந்தப் பேச்சு தானாக வந்துவிட்டது.

"மூலை."

"பாத்துட்டேன்."

"சாய்க்காதே."

"சாய்க்கல. நீங்க இறக்குங்க."

"வாங்கிட்டியா?"

"வாங்கிட்டேன், அண்ணே."

"டேய், நான் என்ன கண்ணாடியா? இப்படி நிமித்திப் பிடிச்சா நான் எங்க உக்கார்றது?" என்றாள் அவள். சின்னவர் சிரிக்கப் போய் அழுதுவிட்டார். நாற்காலி ஆடியது.

"அழுகையைக் கீழ இறங்கி வச்சுக்க" என்றார் பெரியவர். "படி இன்னும் இருக்கு."

இரண்டு தெருவையும் அப்படியே கடந்தார்கள். கடைகளில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். கண்ணாடிக்கடை வீட்டின் மூத்த மருமகள், உயிர் இருக்கும்போதே அந்த வீட்டைவிட்டுச் சுமந்து கொண்டுபோகப்படுவதைத் தெரு பார்த்தது. பெரியவர் யாரையும் பார்க்கவில்லை. தலை நிமிர்ந்தபடியே நடந்தார். வாத்தியார் வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. "பேரைக் கேட்டுக் கொதிச்சவரு ஆளையே ஆயர் பக்கம் கொண்டுபோய்ச் சேக்குறாரு" என்று குரல் வந்தது. சின்னவர் திரும்பினார். "நட" என்றார் பெரியவர்.

சின்னவர் வாசலுக்கு வந்ததும் நாற்காலி நின்றது. முன்கால்கள் நிலைக்கு உள்ளே, பின்கால்கள் வெளியே.

"என் பக்கத்தை யாராவது வாங்கிக்குங்க" என்றார் பெரியவர்.

"அண்ணே!"

"வாங்கிக்குங்கன்னேன்."

சின்னவரின் மனைவி ஓடிவந்து வாங்கினாள். நாற்காலி உள்ளே போயிற்று. நாற்காலியில் இருந்தவள் தலையைத் திருப்பிப் பெரியவரைப் பார்க்க முயன்றாள். கட்டிய துணி இடம் கொடுக்கவில்லை.

பெரியவர் ஜன்னலோரமாகத் தெருவில் நின்றார். பங்குச்சாமி ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். சின்ன வயது, சாதாரணச் சட்டை, தோளில் ஒரு பை. பெரியவரைப் பார்த்துக் கைகூப்பினார். பெரியவர் கும்பிடவில்லை. ஆனால் வழிவிட்டு ஒதுங்கி நின்றார். கொஞ்ச நேரத்துக்கு எல்லோரும் வெளியே வந்தார்கள். அவள் பாவசங்கீர்த்தனம் சொல்லும் நேரம். அவள் என்ன சொன்னாளோ, அது நீண்டது. தன்னைப் பற்றியும் சொல்லியிருப்பாள் என்று பெரியவர் நினைத்தார். சுவரில் கைவைத்துக்கொண்டார்.

திரும்ப எல்லோரும் உள்ளே போனார்கள். செபம் தொடங்கியது. அவர்கள் பேசுகிற அதே பேச்சில், ஒளிவுமறைவில்லாமல், ஒவ்வொரு வார்த்தையும் தெருவரை வந்தது. சாமி ஒன்று சொல்ல, எல்லோரும் சேர்ந்து ஒன்று சொன்னார்கள். பெரியவருக்கு உதடு தானாக அசைந்தது. வாழ்நாள் முழுவதும் சாமியார் சொல்வதற்கு மறுமொழி சொன்ன வாய் அது. ஆனால் வந்தது லத்தீன். அது அந்த இடத்தில் பொருந்தவில்லை. இவர்கள் சொல்லும் மறுமொழி அவருக்குத் தெரியாது. உள்ளே அவள் குரலும் கேட்டது. அவளுக்கும் தெரியாதுதான். தம்பி சொல்லச் சொல்ல, பள்ளிக்கூடப் பிள்ளையைப் போல அரை வார்த்தை பின்தங்கிச் சொல்லிக்கொண்டு வந்தாள். முன்பு அவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவள்.

பங்குச்சாமி போன பிறகு சின்னவர் ஒரு நாற்காலியைத் தெருவில் கொண்டுவந்து போட்டார். பெரியவர் உட்காரவில்லை. ஜன்னல் வழியாக அவள் குரல் வந்தது. மிகவும் மெலிந்திருந்தது.

"இன்னும் நிக்கிறீங்களா?"

"நிக்கிறேன்."

"எல்லாம் நல்லபடியா ஆச்சு. பயம் போயிடுச்சு."

"நல்லது."

"உள்ள வாங்களேன்."

தெருவில் ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனது. அவள் காத்திருந்தாள். பிறகு, "சரி, நில்லுங்க. உங்களுக்கு அதான் வரும்" என்றாள்.

அதில் கோபம் இருந்ததா, சலுகை இருந்ததா என்று அவரால் பிரிக்க முடியவில்லை. கேட்க நினைத்தார். கேட்கவில்லை. வெயில் சாய்ந்து எதிர்வீட்டுச் சுவரில் ஏறியது. உள்ளே செபமாலை சொல்லும் குரல் ஒரு இடத்தில் அறுந்தது. சின்னவரின் மனைவி வாய்விட்டு அழுதாள்.

சின்னவர் வெளியே வந்தார். முகம் நனைந்திருந்தது.

"அண்ணே. அண்ணி போயிட்டாங்க. கண்ணு திறந்தபடியே இருக்கு. வந்து மூடிவிடுங்க. அது நீங்க செய்ய வேண்டியது."

பெரியவர் வாசல்வரை வந்தார். படி ஒன்றுதான். சிமெண்டு படி, ஓரம் உடைந்தது. அதற்கு முன்னால் நின்றார்.

"வாசலுக்குக் கொண்டு வா" என்றார்.

"என்னண்ணே சொல்றீங்க?"

"கட்டிலை வாசலுக்குக் கொண்டு வான்னேன்."

"அவங்க செத்துட்டாங்க. இன்னும் யாரைப் பாத்து இந்த ரோஷம்? அப்பாவே இருந்திருந்தா உங்களைக் கழுத்தைப் பிடிச்சு உள்ள தள்ளியிருப்பார்."

"இருந்திருந்தா தள்ளியிருப்பார். அவர் இல்ல."

சின்னவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். உள்ளே போனார். கட்டிலின் கால்கள் தரையில் உரசும் சத்தம் கேட்டது. தலைமாடு நிலைக்கு நேராக வந்து நின்றது. பெரியவர் தெருவில் நின்றபடியே குனிந்தார். இடதுகையால் நிலைக்காலைப் பிடித்துக்கொண்டு உடம்பை முன்னால் சாய்த்தார். வலதுகையை நீட்டி முதலில் ஒரு கண்ணை மூடினார். மற்றது எட்டவில்லை.

"இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளு" என்றார்.

சின்னவர் தள்ளினார்.